முடிச்சும் புரிப்பின்னலும்: தொங்குபடுக்கைக்குக் கயிறு போடுவது

பட்டினப்பாக்கம் பக்கமிருந்து கலங்கரை விளக்கம் வரை போகும் லூப் சாலையில், காலை வேளைகளில் நொச்சிக்குப்பத்து மீனவர்கள் வலை சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு கையில் வலை ஊசி, கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்த வலை. ஆயிரக்கணக்கான கண்கள், ஒவ்வொரு கண்ணின் மூலையிலும் ஒரே வகை முடிச்சு. கைத்தறியில் அறுந்த இழையை ஒட்டவைக்கும் நெசவாளரும் இதே முடிச்சைத்தான் போடுகிறார். ஆனால் அங்கேயே மணலில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளின் கயிற்று நுனிகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், சிலவற்றில் முடிச்சே இல்லாத வளையம் ஒன்று இருக்கும். கயிறு தனக்குள்ளேயே திரும்பிப் போய் மறைந்தது போலத் தோன்றும். புரிகளைப் பிரித்து, கயிற்றின் உடம்புக்குள்ளேயே கோத்துப் பின்னிய காது அது.

மொட்டைமாடியிலோ வராந்தாவிலோ ஒரு தொங்குபடுக்கை கட்ட நினைப்பவருக்கு வேண்டிய இரண்டு பாடங்களும் இந்த ஒரே கரையில் கிடக்கின்றன.

கட்டுமரம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்துக்குப் போய் ‘கேட்டமரான்’ ஆகிவிட்ட அந்தச் சொல், கயிற்றால் கட்டிய மரம் என்பதைத்தான் சொல்கிறது. கடலிலிருந்து திரும்பியதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக உலரப் போடுவார்கள். மறுபடி கடலுக்குப் போகும்போது மீண்டும் கட்டு. அந்த வேலைக்கு முடிச்சுதான் சரி. பின்னிவிட்டால் பிரிக்கவே முடியாது. தொங்குபடுக்கையிலும் கணக்கு இதுதான். அவிழ்த்துக் கட்ட வேண்டிய இடத்துக்கு முடிச்சு, ஒருபோதும் அவிழக் கூடாத இடத்துக்குப் பின்னல். எது உயர்ந்தது என்ற வாதத்தில் மாலை நேரத்தைக் கழிப்பதைவிட, ஒவ்வொரு இணைப்பும் இந்த இரண்டில் எந்தப் பக்கம் சேரும் என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

‘ஸ்ப்ளைஸ்’ என்று துறைமுகத்திலும் கிரேன் வேலையிலும் சொல்லப்படுவதை இந்த அத்தியாயம் புரிப்பின்னல் என்று அழைக்கிறது. கயிற்றுக் கடைக்காரரிடம் புரி என்பதைவிடப் பிரி என்று சொன்னால் சட்டென்று புரியும். ‘மூணு பிரி நைலான்’ என்று கேட்டால் சரியான சுருளை எடுத்துப் போடுவார்.

முடிச்சு ஏன் கயிற்றைப் பலவீனமாக்குகிறது? கயிறு நேராக இருக்கும்போது அதன் நார்கள் எல்லாம் சுமையைக் கிட்டத்தட்டச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. முடிச்சுக்குள் கயிறு குறுகலாக வளைகிறது. வளைவின் வெளிப்புறத்து நார்கள் முழு இழுப்பையும் வாங்குகின்றன, உட்புறத்து நார்களோ நசுங்கிச் சும்மா கிடக்கின்றன. அதனால்தான் அளவுக்கு மீறி இழுத்த கயிறு பெரும்பாலும் முடிச்சின் நடுவில் அறாமல், முடிச்சுக்குள் நுழையும் இடத்தில் அறுகிறது. சாதாரண ஒற்றை முடிச்சு கயிற்றின் பலத்தில் பாதியளவுக்குத்தான் விட்டுவைக்கும். போலைன் முடிச்சு ஏறக்குறைய 60 முதல் 75 சதவீதம், எட்டு வடிவ முடிச்சு 75 முதல் 80 சதவீதம். ஒழுங்காகப் போட்ட புரிப்பின்னல் 90 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றும். கயிற்றின் ரகம், முறுக்கு, ஈரம் என்று பலதும் சேர்ந்து இந்த எண்களை மாற்றும். ஆனால் வரிசை பெரும்பாலும் மாறாது.

இந்தச் சதவீதங்களைப் பார்த்துப் பயந்து, எல்லா இடத்திலும் பின்னல் போடக் கிளம்ப வேண்டியதில்லை. தரமான 10 மி.மீ. பாலிப்ரோப்பிலீன் கயிறு சுமார் 1,400 கிலோ வரை தாங்கும். அதில் பாதியை முடிச்சு தின்றுவிட்டாலும் 700 கிலோ மிச்சம். 80 கிலோ ஆள் ஒருவருக்கு அது தாராளம். ஆனால் ஒன்று, கடையில் கிடைக்கும் மலிவுக் கயிற்றில் எவ்வளவு தாங்கும் என்று அச்சிட்டே இருக்காது. பழைய பிளாஸ்டிக்கை உருக்கித் திரித்த கயிறு பார்வைக்குப் பளபளப்பாக இருந்தாலும், புரியைப் பிரித்து நகத்தால் கீறினால் பொடிப் பொடியாக உதிரும். அப்படிப்பட்டதை ஆள் படுக்கும் காரியத்துக்கு வாங்கவே கூடாது.

உண்மையில் கயிற்றைக் கொல்வது முடிச்சைவிடக் கோணம். தொங்குபடுக்கையை விறைப்பாக, மேசை மாதிரி இழுத்துக் கட்டினால் வசதியாக இருக்கும் என்றுதான் முதன்முறை கட்டுகிறவர்கள் நினைப்பார்கள். 80 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது, கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகைச் சரிவில் இறங்கினால் ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் 80 கிலோ இழுப்பு. சரிவு 10 பாகையானால் அது 230 கிலோ. 5 பாகை என்றால் கிட்டத்தட்ட 460 கிலோ! ஆள் அதே ஆள்தான். புரண்டு படுத்தாலோ, பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து மேலே விழுந்தாலோ இழுப்பு நொடிப்பொழுதில் இதற்கும் மேலே எகிறும். 90 சதவீதம் காப்பாற்றும் பின்னலைப் போட்டுவிட்டுக் கயிற்றை விறைப்பாகக் கட்டியவரைவிட, 60 சதவீத முடிச்சைப் போட்டுத் தளர்வாகத் தொங்கவிட்டவரே பத்திரமாகத் தூங்குகிறார்.

30 பாகையை அளக்கக் கருவி தேவையில்லை. கட்டைவிரலை மேலே நீட்டி, ஆட்காட்டி விரலைக் கிடைமட்டமாகத் தூணுக்கு எதிர்ப்புறம் நீட்டிப் பிடித்து, இரண்டு விரல் நுனிகளையும் ஒரு கோட்டால் இணைப்பதாக நினைத்துக்கொண்டால், கயிறு ஏறத்தாழ அந்தச் சரிவில் இறங்க வேண்டும். 4 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு தூண்களுக்கு நடுவே 3 மீட்டர் துணியைத் தொங்கவிடுவதென்றால், ஐந்தடிக்குச் சற்று மேலே கட்டினால் உட்காரும் இடம் நாற்காலி உயரத்துக்கு வரும். படுக்கை எப்போதும் ஒரே தொய்வில் இருக்க, அதன் இரு முனைகளுக்கும் நடுவே மேலே ஒரு மெல்லிய கயிறு போட்டுவிடலாம். துணியின் நீளத்தில் 83 சதவீதம் அதன் அளவு. 3 மீட்டர் துணிக்கு இரண்டரை மீட்டர்.

இனி கயிறு வாங்கும் படலம். மயிலாப்பூர் மாட வீதிகளில் கயிறு, கோணி, முறம் விற்கும் கடைகளில் தேங்காய் நார்க் கயிறும் கொடிக் கயிறும் கிடைக்கும். தடிமனான நைலானும் பாலியெஸ்டரும் வேண்டுமென்றால் பாரிமுனைப் பக்கத்துக் கடைகளுக்கோ காசிமேட்டுக்கோ போவது மேல். கடைக்காரர் முதலில் கேட்பது ‘எதுக்குங்க?’ என்றுதான். ‘ஆள் படுக்கிறதுக்குண்ணே’ என்று தயங்காமல் சொல்லிவிட வேண்டும். துணிக்கொடிக்கும் ஆளுக்கும் ஒரே கயிற்றை எந்த நல்ல கடைக்காரரும் தரமாட்டார்.

தேங்காய் நார்க் கயிறு அழகானது, கைக்குப் பழகியது. சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரியில் தேர்வடம் திரிக்கும் தொழிலே நடக்கிறது. உப்புநீரையும் தாங்கும். ஆனால் அதே தடிமனுள்ள நைலானோடு ஒப்பிட்டால் பலம் மிகக் குறைவு. தேர்வடம் அத்தனை பருமனாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பருமனும் எல்லா நேரமும் போதுவதில்லை. 2024 ஜூனில் நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்தில் வடம் ஒரு முறைக்கு மேல் அறுந்து, தேர் நடுவீதியில் நின்றது. வீட்டுத் தொங்குபடுக்கையில் நார்க் கயிறு அலங்காரத்தோடு நின்றுகொள்ளட்டும்.

நைலான் நன்றாக நீளும். ஆட்டத்தின் அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும். ஆனால் நனைந்தால் பலத்தில் பத்திலொரு பங்காவது குறையும். நீண்டுகொண்டே போவதால், இரவு முழுக்கப் படுத்தால் விடியும்போது முதுகு தரையை நெருங்கியிருக்கும். பாலியெஸ்டர் அவ்வளவாக நீளாது, வெயிலையும் நன்றாகத் தாங்கும். சென்னைக்கு எது என்று கேட்டால் 10 மி.மீ. மூன்று புரிப் பாலியெஸ்டர் என்பதே இந்த அத்தியாயத்தின் பதில். பாலிப்ரோப்பிலீன் மலிவு, தண்ணீரில் மிதக்கும். வெயில்தான் அதற்கு எமன்.

மூன்று புரிக் கயிற்றின் நுனியில் காது பின்னுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. 10 மி.மீ. கயிற்றுக்கு நுனியிலிருந்து 25 செ.மீ. வரை புரிகளைப் பிரிக்க வேண்டும். பிரித்த புரி ஒவ்வொன்றின் முனையிலும் டேப் சுற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நார் கலைந்து துடைப்பமாகிவிடும். பிரித்தது மேலே ஓடாமலிருக்க, பிரிவு தொடங்கும் இடத்திலும் ஒரு சுற்று டேப். தேவையான அளவுக்குக் கயிற்றை மடக்கி வளையமாக்கி, பிரிந்த புரிகளை முழுக் கயிற்றின் மேல் சாய்த்து வைத்தால் பாதி வேலை கண்ணுக்கே தெரியும்.

நடுப்புரி முதலில். முழுக் கயிற்றின் ஒரு புரியை விரலாலோ, மைதீர்ந்த பேனாவின் கூட்டாலோ தூக்கி, அதன் அடியில் முறுக்குக்குக் குறுக்கே செருக வேண்டும். அடுத்து இடப்பக்கத்துப் புரி. முதல் புரி எதன் அடியில் நுழைந்ததோ அதன் மேலேறி, அதற்கடுத்த புரியின் அடியில் இது நுழையும். பிறகு கயிற்றைத் திருப்பிப் போட்டால் எதுவும் நுழையாத ஒரு புரி மிச்சமிருக்கும். மூன்றாவது அதன் அடியில். தவறு நடப்பதெல்லாம் இந்த மூன்றாவதில்தான். மற்ற இரண்டும் நுழைந்த அதே திசையில் இதுவும் நுழைய வேண்டும். எதிர்த்திசையில் செருகினால் காது கோணலாக நிற்கும். முதல் சுற்று முடிந்ததும் பார்க்கும்போது, மூன்று இடைவெளிகளிலிருந்து மூன்று புரிகள் ஒரே மட்டத்தில் வெளியே வந்திருந்தால் சரி. ஒரே இடைவெளியில் இரண்டு வந்திருந்தால் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அதன்பின் ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று பாய் முடைவது போலவே போய்க்கொண்டிருக்கும். நார்க் கயிற்றுக்கு மூன்று சுற்று போதும். நைலான், பாலியெஸ்டர் போன்ற வழுக்கும் கயிறுகளுக்குக் குறைந்தது ஐந்து. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் புரிகளை இழுத்து இறுக்கி, பின்னலை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிவிட வேண்டும். கொக்கியோ வளையமோ மாட்டும் காதாக இருந்தால், ‘திம்பிள்’ என்று ஹார்டுவேர் கடையில் விற்கும் உலோகக் காப்பு வளையத்தை உள்ளே வைத்துப் பின்னினால் உராய்வு கயிற்றைத் தின்னாது.

வெளிப்புறத்தில் உறைபோட்டு, உள்ளே வேறு நூல் திணித்த பின்னல் கயிறுகளும் கடைகளில் உண்டு. அவற்றை இந்த முறையில் பின்ன முடியாது. முடிச்சே எளிய வழி.

நடு வெற்றாக, குழாய் போல இருக்கும் பன்னிரு புரிக் கயிறு வேறு கதை. டைனீமா என்ற வணிகப் பெயரில் நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனம் கொண்டுவந்த நாரால் ஆன 2.8 மி.மீ. கயிறு, அதாவது பென்சிலைவிட ஒல்லியானது, 600 கிலோவுக்கு மேல் தாங்கும். மலையேறிகள், பாய்மரப் படகோட்டிகள், தொங்குபடுக்கையை முதுகில் சுமந்து போகிறவர்கள் எல்லோரும் இதைத் தேடுவது அதனால்தான். ஆனால் இந்த நார் எண்ணெய் தடவியது போல வழுக்கும். முடிச்சு போட்டால் பலம் பாதிக்கும் கீழே போவதோடு, முடிச்சே மெல்ல நழுவி அவிழக்கூடும். இங்கே புரிப்பின்னல் கட்டாயம்.

நல்லவேளையாக, அது மூன்று புரிப் பின்னலைவிடச் சுலபம். கயிற்று நுனியை அதே கயிற்றின் வயிற்றுக்குள் புகுத்திவிட்டால் போதும். சுமை ஏறும்போது வெளிக்கயிறு நீண்டு ஒடுங்கி, உள்ளே இருப்பதை இறுகப் பிடித்துக்கொள்ளும். இழுக்க இழுக்க இறுகும். உள்ளே புகும் நீளம் கயிற்று விட்டத்தைப் போல 72 மடங்கு இருக்க வேண்டும். 2.8 மி.மீ. கயிற்றுக்கு 20 செ.மீ. கடைசிப் பகுதியில் சில இழைகளைக் கத்தரித்து நுனியைச் சரிவாக்கினால், பருமன் திடீரென்று மாறும் இடத்தில் கயிறு பலவீனமாகாது. சுமை இல்லாதபோது தளர்ந்து வெளியே வந்துவிடாமலிருக்க ஊசிநூலால் குறுக்கே நாலைந்து தையல் போட்டுவிட வேண்டும். இந்த நார் ஏறக்குறைய 145 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால், வேகமான உராய்வும் நுனியை மெழுகுவத்தியில் காட்டும் பழக்கமும் இதற்கு ஆகாது.

முடிச்சுகளில் இரண்டு கைவந்தால் போதும். கிளிஃபோர்டு ஆஷ்லி 1944-இல் வெளியிட்ட முடிச்சுக் களஞ்சியத்தில் 3,800-க்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம்.

முதலாவது போலைன். பள்ளியில் சாரணர் இயக்கத்தில் இருந்தவர்களுக்குக் கை மறந்திருக்காது. கயிற்றில் நுனிப்பக்கம் மேலே அமையும்படி ஒரு சிறு வளையம் போட்டு, நுனியைத் தூணைச் சுற்றிக் கொண்டுவந்து, அந்த வளையத்துக்குள் அடியிலிருந்து மேலே விட்டு, நீளக் கயிற்றின் பின்புறமாகச் சுற்றி, வந்த வழியே வளையத்துக்குள் இறக்கி இறுக்க வேண்டும். எவ்வளவு சுமை ஏறினாலும் பிறகு சுலபமாக அவிழும். அதுவே அதன் குறையும்: சுமையில்லாமல் ஆடிக்கொண்டே கிடந்தால் தானாகத் தளரும். நுனியில் ஒரு சாண் மிச்சம் விட்டு, அதை நீளக் கயிற்றைச் சுற்றி ஒற்றை முடிச்சாகப் போட்டு வைப்பது நல்லது. ஒவ்வொரு முறை படுக்கும் முன்னும் ஒரு பார்வை.

இரண்டாவது, நொச்சிக்குப்பத்து வலையில் இருக்கும் அதே முடிச்சு. வலையில் இழையை இழையோடு இணைக்கிறது. இங்கே கயிற்றைக் காதோடு இணைக்கிறது. தூணிலிருந்து வரும் கயிற்று முனையை, படுக்கையின் பின்னிய காதுக்குள் விட்டு, காதின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, தன் அடியிலேயே செருகுவதுதான் மொத்த வேலையும். கழுத்தை இரண்டு முறை சுற்றினால் வழுக்கும் கயிற்றுக்கும் பிடிப்பு வரும். செருகும் நுனியை மடித்துச் செருகினால், எழுந்ததும் ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும். உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் இதைவிட வசதி இல்லை. நிரந்தரமான காது, அவிழ்க்கக்கூடிய முடிச்சு என்று இரண்டும் கைகோக்கும் இடம் இது. தொங்குபடுக்கை மொத்தத்திலும் மிக அழகான இணைப்பும் இதுதான்.

புடவைத் தூளிக்குப் போடும் இரட்டை முடிச்சை இரண்டு கயிறுகளை இணைக்கப் பயன்படுத்தவே கூடாது. ஒருபுறம் இழுபட்டால் உருண்டு கழன்றுவிடும்.

அடுத்தது, எதில் கட்டுவது. தி.நகரின் பழைய வீடுகளில் வெளிவாசல் தூண்கள் வெறும் செங்கல்லால் கட்டியவை. 30 பாகைச் சரிவிலேயே 80 கிலோ ஆளின் எடை தூணைப் பக்கவாட்டில் சுமார் 70 கிலோ விசையோடு இழுக்கும். செங்கல் தூண் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கக் கட்டியது, பக்கவாட்டு இழுப்புக்குச் சாய்ந்து படுத்திருப்பவர் மேலேயே விழக்கூடும். மாடிக் கைப்பிடிச் சுவரும் பால்கனிக் கம்பியும் அப்படித்தான். இரும்புக் கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் தூண் வேண்டும். அதன் கூர்முனைகளில் கோணித் துண்டை மடித்து வைத்து, அகலமான பாலியெஸ்டர் பட்டையைச் சுற்றிக் கட்ட வேண்டும். லாரிச் சரக்கு கட்டும் பெல்ட் நல்லது. பள்ளிப் பையில் தைக்கும் பெல்ட் ஆகாது. மின்விசிறிக் கொக்கி விசிறியின் எடைக்காகப் போட்டது, அதில் பெரியவர் தொங்கக் கூடாது. மயிலாப்பூரின் பழைய மெட்ராஸ் ஒட்டு வீடுகளில் பித்தளைச் சங்கிலியில் ஊஞ்சல் ஆடிய கொக்கிகள் தேக்கு உத்தரத்தில் இன்னும் இருக்கலாம். உத்தரத்தைத் தச்சர் ஒருவர் தட்டிப் பார்த்துச் சொன்ன பிறகே அவற்றை நம்பலாம்.

அடையாறு, பெசன்ட் நகர் பக்கத்தில் மரம் வாய்த்தவர்கள் ஆணி அடிக்காமல், கைப்பிடி அகலத்துக்குக் குறையாத பட்டையால் கட்டினால் மரப்பட்டை அறுபடாது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் ஊரின் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அப்போது ஆட்டம் கண்டு பின்னர் தேறிய மரங்களின் வேரடியைப் பார்க்காமல் அவற்றில் கட்டுவது ஆபத்து.

குழந்தை உள்ள வீட்டில் இன்னொரு எச்சரிக்கை. தூளிச் சேலையோ தொங்கும் கயிறோ கழுத்தில் சுற்றிக் குழந்தைகள் உயிரிழந்த செய்திகள் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகின்றன. படுக்கையைப் பயன்படுத்தாத நேரத்தில் சுருட்டி, கைக்கெட்டாத உயரத்தில் மாட்டிவிட வேண்டும். நீளமான நுனிகளைத் தொங்கவிடக் கூடாது. மடித்துச் செருகிய முடிச்சு இருந்தால் இது ஒரு நிமிட வேலை.

கட்டி முடித்ததும் உடனே ஏறிப் படுக்க வேண்டாம். 25 கிலோ அரிசி மூட்டைகள் ஆறை, அல்லது 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் ஏழெட்டை, தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கும்படி படுக்கையில் வைத்து ஒரு மணி நேரம் விட்டுப் பார்க்கலாம். கேன்கள் துணியை நசுக்காதபடி அடியில் ஒரு ஜமுக்காளம். பின்னலின் கடைசிச் சுற்று வரை புரி நகர்ந்திருக்கிறதா, முடிச்சின் நுனி குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் ஒரு பேனாக் கோடு போட்டு வைத்தால் ஒரு செ.மீ. நகர்வும் தெரிந்துவிடும்.

பிற்பகலில் வீசும் கடற்காற்று மயிலாப்பூர், அடையாறு மாடிகளில் உப்பைத் தூவிப் போகிறது. உப்புத் துகளும் தூசியும் புரிகளுக்கு நடுவே புகுந்து உள்ளிருந்தே நாரை அறுக்கும். மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். இரும்புக் கொக்கி சீக்கிரமே துருப்பிடிக்கும் என்பதால், ஹார்டுவேர் கடையில் ‘எஸ்.எஸ்.’ என்று கேட்டு வாங்குவது மேல். அக்னி நட்சத்திரம் முடிந்ததும் பாலிப்ரோப்பிலீன் கயிற்றைக் கையால் உருவிப் பார்த்தால், வெள்ளைப் பொடி ஒட்டினாலோ நார் முள்ளாகக் குத்தினாலோ அது அந்த ஆண்டோடு சரி.

முடிச்சு போட்ட கயிறு தேய்வதெல்லாம் பெரும்பாலும் முடிச்சு உட்காரும் அந்த ஒரு சாண் இடத்தில்தான். அதற்காகவே தூண் பக்கத்துக் கயிற்றை ஒரு மீட்டர் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபர் தொடக்கத்தில், படுக்கையை இறக்கி மடிக்கும்போது தேய்ந்த அந்தத் துண்டை வெட்டியெறிந்து, நுனியைச் சூட்டில் காட்டி, டேப் சுற்றி வைத்தால் மார்கழிக்குக் கயிறு தயார்.